வெளியூர் ரசிகர்களுக்குத் தனி ஸ்டாண்ட் என்று சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள்: எங்களுக்குப் போனது 18,600 ரூபாய்

18,600 ரூபாய். ஆளுக்கு 600 வீதம் 31 டிக்கெட். ஒருத்தர்கூட கால்பந்து ஆட்டத்தைப் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது களியக்காவிளை தாண்டும்வரை வேனுக்குள் யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரமும் அதே மைதானத்தில் ஆட்டம் இருக்கிறது, அதே டிக்கெட்டை அதே ஆட்கள் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் தூங்காமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

எந்த மைதானம், எந்த கிளப், எந்தத் தொடர் என்று இங்கே சொல்லவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறோம், அதற்குள் பெயரை எழுதி வம்பில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். கேரளத்தில் ஒரு பெரிய மைதானம், ராத்திரி லைட் போட்டு நடந்த ஆட்டம். டிக்கெட்டை விற்றது சினிமா டிக்கெட்டெல்லாம் விற்கிற மாதிரி ஒரு ஆப். இவ்வளவு போதும்.

நாங்கள் தூத்தூர் பக்கம். நீரோடியில் ஆரம்பித்து இந்தக் கரை முழுக்க ஊருக்கு ஊர் கால்பந்து கிளப் உண்டு. மைக்கேல் சூசைராஜ் இந்தக் கடற்கரையில் இருந்து கிளம்பித்தான் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) வரைக்கும் போனார். இங்கே பந்து என்பது பொழுதுபோக்கு என்ற கணக்கில் வராது. நம்ம தமிழ்நாட்டு டீம் பக்கத்து மாநிலத்தில் ஆட வருகிறது என்றதும் எங்கள் பையன்களில் சிலர் தங்கு கடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டார்கள். ஒரு தங்கலை விட்டால் அந்தப் பங்குக் காசு போனது போனதுதான். அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

டிக்கெட் எடுக்கும் முன்னால் ஒரே ஒரு விஷயத்தைத்தான் உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. எதிர் டீம் ரசிகர்கள் உட்கார இடம் உண்டா? நம்ம ஜெர்சி போட்டுக்கொண்டு உள்ளே போகலாமா? கேட்பதற்கு ஆட்டத்தை நடத்தும் அந்த ஊர் கிளப்பின் இணையப் பக்கத்திலேயே ஒரு எண் போட்டிருந்தார்கள், ‘ரசிகர் தொடர்பாளர்’ என்று. படத்தில் கிளப் சின்னம். கூப்பிட்டேன். நல்லாத் தமிழ் பேசினார், நடுநடுவே மலையாளம்.

“சேட்டா, ஒண்ணும் பேடிக்கண்டா (பயப்படாதீங்க). உங்க ஆளுகளுக்குத் தனி பிளாக், வடக்கு மூலை. உங்க ஜெர்சி, உங்க கொடி, உங்க பாட்டு. எங்க ஆளுங்க அந்தப் பக்கமே வர மாட்டாங்க.”

என் அக்கா மகனும் வருகிறான், பதினொரு வயசு, கூட்டத்தில் பிரச்சினை வராதே என்று கேட்டேன். “சின்னப் பையனா? கொண்டு வாங்க சேட்டா, அவன் என் தம்பி மாதிரி. கேட்டில் நானே நிப்பேன்” என்றார். கொஞ்ச நேரத்தில் மைதானத்தின் வரைபடம் அனுப்பினார். வடக்கு மூலையில் நீலத்தில் வட்டம் போட்டு ‘அவே’, அதாவது வெளியூர் டீம் ரசிகர்கள் பகுதி என்று எழுதியிருந்தது. அக்காவிடம் அந்தப் படத்தைக் காட்டித்தான் பையனைக் கூட்டிப் போகச் சம்மதம் வாங்கினேன். அந்த வடக்கு மூலை பிளாக்கைத்தான் ஆப்பில் தேடி எடுத்து, எங்கள் ஊர் கிளப் கணக்கில் இருந்து 18,600 ரூபாய் கட்டினோம். வேன் வாடகை, கேரளா பெர்மிட் எல்லாம் தனி.

அன்று நடந்ததைச் சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் பணம் எங்கே சிக்கியது என்பது இதில்தான் இருக்கிறது.

வாசலில் இரண்டு வரிசை. முதல் வரிசையில் போனில் இருக்கும் க்யூஆரை மெஷினில் காட்ட வேண்டும். 31 டிக்கெட்டும் பச்சை காட்டியது. பத்திருபது அடி தள்ளி இரண்டாவது வரிசை, அங்கேதான் சோதனை. தனியார் செக்யூரிட்டி. பவர் பேங்க், தண்ணீர் பாட்டில், ஹெட்போன், சட்டைப்பையில் இருந்த சில்லறை எல்லாவற்றையும் வாங்கிப் பெட்டியில் போட்டார்கள். சரி, அது விதியில் முன்னாலேயே இருந்தது, கொடுத்தோம். அப்புறம் ஜெர்சியைப் பார்த்தார்கள்.

“இந்தக் கலர் உள்ளே போகாது.”

வரைபடத்தைக் காட்டினேன். “அவே பிளாக் இன்னைக்கு இல்லை, போலீஸ் மூடச் சொல்லியாச்சு. எல்லாரும் ஹோம் கேலரிக்குத்தான், உள்ளூர் ரசிகர் பகுதிக்குத்தான் போகணும். ஹோம் கேலரிக்கு இந்த ஜெர்சி விட மாட்டோம்.” போலீஸ் மூடச் சொன்னதா? பக்கத்தில் நின்ற போலீஸ்காரரிடமே போய்க் கேட்டேன். அப்படி ஒன்றும் தனக்குத் தெரியாது என்றார்.

என் அக்கா மகன் அதற்குள் ஜெர்சியைக் கழற்றி உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டான். யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. தையல் எல்லாம் வெளியே தெரிய, முதுகில் ஒட்டிய எண் இடவலம் மாறி மங்கலாகத் தெரிய, அந்தப் பிள்ளை வரிசையில் நேராக நின்றான். செக்யூரிட்டி அவன் காலரை இரண்டு விரலால் இழுத்து உள்ளே கலரைப் பார்த்துவிட்டு, “நீயும்தான்” என்றான். பதினொரு வயசுப் பிள்ளையிடம்.

அவர்களுக்கு மேலே இருந்த சூப்பர்வைசர் வந்தார். “வண்டியில போய் வேற சட்டை மாத்திட்டு வாங்க, நான் விடறேன்” என்றார். முப்பத்தொரு பேரும் வெளியே போய், இருந்ததைப் போட்டுக்கொண்டு, சிலர் டிரைவரின் சட்டையைக்கூட வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தோம். மெஷினில் காட்டினால் சிவப்பு. ‘ஏற்கெனவே உள்ளே நுழைந்த டிக்கெட்.’ ஒரு தடவை வெளியே போனால் திரும்ப நுழைய முடியாது என்பது இன்னொரு விதியாம். விடுகிறேன் என்று சொன்ன சூப்பர்வைசரைக் காணவில்லை. வேறு கேட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். கேட்டில் நானே நிற்பேன் என்று சொன்ன தொடர்பாளர் போனை எடுக்கவில்லை. உள்ளே முதல் கோல் விழுந்த சத்தம் ரோட்டில் நின்று கேட்டோம். யார் போட்டது என்றுகூடத் தெரியவில்லை.

அதற்கப்புறம் ஆரம்பித்தது அடுத்த கூத்து. ஆப்பில் புகார் போட்டால், “உங்கள் டிக்கெட்டுகள் பயன்படுத்தப்பட்டுவிட்டன, எனவே பணம் திரும்பக் கிடைக்காது.” பயன்படுத்தவில்லை, சோதனையில் திருப்பி அனுப்பினார்கள் என்று எழுதினால், “நாங்கள் விற்பனைத் தளம் மட்டுமே, ஏற்பாட்டாளரைத் தொடர்புகொள்ளவும்.” ஏற்பாட்டாளர் என்றால் கிளப். கிளப் ஆபீசில் கேட்டால் டிக்கெட் விஷயம் ஆப்பிடம் பேசுங்கள், கேட் விஷயம் செக்யூரிட்டி ஏஜென்சியிடம் பேசுங்கள். ஏஜென்சி எண் கொடுங்கள் என்றால் லைனைத் துண்டித்துவிட்டார்கள். எங்கள் பக்க டீமின் ஆபீசுக்கும் போட்டேன். அந்த ஊர் டிக்கெட்டில் நாங்கள் தலையிட முடியாது என்றார்கள். உங்கள் ஜெர்சி போட்டதற்காகத்தானே ஐயா வெளியே தள்ளினார்கள்!

தொடர்பாளர் கடைசியில் ஒரு வாய்ஸ் அனுப்பினார்: “செக்யூரிட்டி என் கையில் இல்லை சேட்டா.” அன்றைக்கே அவர் நடத்தும் வாட்ஸ்அப் குரூப்பில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றிவிட்டார். நாங்கள் கேட்ட கேள்விகள் எல்லாம் மேலே அப்படியே இருக்கின்றன, கீழே அடுத்த ஆட்டத்துக்கான டிக்கெட் விளம்பரம் போட்டிருக்கிறார்.

இந்த ‘ரசிகர் தொடர்பாளர்’ விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ரசிகர்கள் கூடித் தேர்ந்தெடுத்த ஆள் என்று பெயரைக் கேட்டதும் தோன்றும். இவரை வைத்தது கிளப். ரசிகர்களின் குரலைக் கிளப்புக்குக் கொண்டுபோகிற வேலை எதையும் அவர் செய்து நாங்கள் பார்க்கவில்லை, டிக்கெட் விற்கிற வேலையைத்தான் பார்த்தோம். அந்த ஊர் ரசிகர்களுக்கே அங்கே பேச ஆளில்லை என்றால் வெளியூரில் இருந்து போகிற நமக்கு யார்?

எதிர் டீம் ஜெர்சியோடு ஹோம் கேலரிக்குள் விடக் கூடாது என்ற விதியை நான் குறை சொல்லவில்லை. உலகத்தில் பல இடங்களில் இருக்கிற விதிதான், அடிதடி வராமல் இருக்க அது வேண்டும். ஆனால் அந்த விதி வைத்திருக்கிற பல இடங்களில் வெளியூர்க்காரனுக்குத் தனி இடமும் ஒதுக்குகிறார்கள். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் வருகிற டீமின் ரசிகர்களுக்கு 3,000 இருக்கை, இல்லாவிட்டால் மைதானத்தில் 10 சதவீதம், எது குறைவோ அதைக் கொடுத்தாக வேண்டும். 2016-17 சீசனில் இருந்து அந்த டிக்கெட் 30 பவுண்டைத் தாண்டக் கூடாது. அது தானாக வரவில்லை, ரசிகர் அமைப்புகள் வருஷக்கணக்கில் சண்டை போட்டு வாங்கியது. 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் சேர்ந்து சூப்பர் லீக் என்று தனியாகப் பிரியப் பார்த்தபோது, ரசிகர்கள் ரோட்டில் இறங்கியதும் ஆறு இங்கிலாந்து கிளப்புகளும் இரண்டே நாளில் பின்வாங்கின. ஜெர்மனியில் 50+1 விதி இருப்பதால் பெரும்பாலான கிளப்புகளில் வாக்குப் பெரும்பான்மை உறுப்பினர்கள் கையில்தான். நம்மூரில் விதியை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள், உரிமையை விட்டுவிட்டார்கள்.

பையன்களுக்கு 18,600 ரூபாயைப் பிரித்துத் திருப்பிக் கொடுக்க எங்கள் ஊர் கிளப் கணக்கில் இப்போது பணம் இல்லை. புது வலை வாங்க வைத்திருந்ததும் சேர்த்துத்தான் போய்விட்டது, கோல் போஸ்ட் வலையைச் சொல்கிறேன்.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், விடிகிற நேரமாகிவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். டிக்கெட்டிலேயே வெளியூர் ரசிகர் பகுதி என்று அச்சாகியிருந்தால் ஒழிய, யார் வாயால் சொன்னாலும் வரைபடம் அனுப்பினாலும் கட்டாதீர்கள். உள்ளே போட இன்னொரு சட்டையைக் கையிலேயே கொண்டுபோங்கள். சோதனை முடியாமல் திருப்பி அனுப்பினால் அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள், எழுதித் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வீடியோ எடுங்கள். நாங்கள் வெளியே வந்ததைத்தான் அவர்கள் இன்று பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 1915 என்பது நுகர்வோர் உதவி எண். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கேரளத்துக்கு அலைய வேண்டாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்லை. ஆட்டத்தன்று கூட்டத்தில் எவனாவது லிங்க் அனுப்பி டிக்கெட் தருகிறேன் என்றால் தொடவே தொடாதீர்கள்.

அன்று வடக்கு கேட்டில் எங்களைப் போலவே மார்த்தாண்டம், பாறசாலைப் பக்கத்துக் குடும்பங்களும் திருப்பி அனுப்பப்பட்டு நின்றதைப் பார்த்தேன். அவர்கள் கண்ணில் இது பட்டால் கீழே எழுதுங்கள். அந்த நீல வட்டம் போட்ட வரைபடமும் தொடர்பாளரின் வாய்ஸும் உங்கள் போனில் இருந்தால் அழித்துவிடாதீர்கள், எங்கள் புகாரோடு உங்களுடையதையும் சேர்த்துக் கொடுக்கலாம்.