ஈபி காரமாண்ட்: ஒன்பது வருடப் பழக்கம்

ஆங்கிலப் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பது என் தொழில். நாவலோ கட்டுரைத் தொகுப்போ, எது வந்தாலும் முதலில் ஈபி காரமாண்ட் என்ற எழுத்துருவில் இரண்டு பக்கம் போட்டுப் பார்ப்பேன். ஒன்பது வருடமாக இதுதான் வழக்கம். பாதிக்கு மேல் அதிலேயே முடிந்துவிடும்.

காரமாண்ட் என்ற பெயரில் கிடைப்பதெல்லாம் ஒன்றல்ல. குளோட் காரமாண்ட் 16-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் அச்சுக்கான எழுத்து வெட்டியவர், 1561-இல் இறந்தார். அடுத்த நூற்றாண்டில் ழான் ஜன்னோன் வெட்டியவற்றையும் வெகுகாலம் இவருடையவை என்றே நம்பிவிட்டார்கள். 1926-இல் அச்சு வரலாற்று ஆய்வாளர் பியாட்ரிஸ் வார்ட் அதைத் திருத்துவதற்குள் ஜன்னோனின் வடிவம் 'காரமாண்ட்' என்றே விற்பனைக்கு வந்துவிட்டது. ஈபி என்பது எகெனோல்ஃப்-பெர்னர் என்ற அச்செழுத்து வார்ப்பகத்தின் பெயர்ச் சுருக்கம். 1592-இல் பிராங்க்பர்ட்டில் அச்சான அதன் எழுத்து மாதிரித் தாளை வைத்து, ஆஸ்திரியாவின் கியோர்க் டுஃப்னர் இதை வரைந்தார். நேரெழுத்து காரமாண்டுடையது, இட்டாலிக் எனும் சாய்வெழுத்து, அதே காலத்தில் எழுத்து வெட்டிய ராபர்ட் கிராஞ்சோனுடையது. அதனால் எனக்கு இதன் மேல் நம்பிக்கை அதிகம். இலவசம் என்பது கூடுதல் சந்தோஷம்.

இதில் சின்ன எழுத்துகள் உண்மையிலேயே சின்னவை. 'ஈ'யின் (e) கண் ஊசித்துளை மாதிரி இருக்கும். 'எல்' (l), 'டி' (d) போன்றவற்றின் தண்டு மட்டும் நன்றாக உயர்ந்து நிற்கும். அதனால் வரிகளுக்கு நடுவே வெளிச்சம் தானாகவே வந்துவிடுகிறது. முந்நூறு பக்கம் படித்தாலும் கண் எரியாது.

அதே குணம்தான் ஒருமுறை என்னை மாட்டிவிட்டது. ஒரு பெரியவரின் நினைவுக் குறிப்புகளை, டைம்ஸ் எழுத்துருவில் போடும் பழக்கத்தில் 10 பாயிண்டில் போட்டுவிட்டேன். படிக்கப் போகிறவர்கள் அவர் வயதுக்காரர்கள். புரூஃபைக் கையில் வாங்கியதுமே அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி 12 பாயிண்ட், 15 லீடிங்கில் (வரிக்கு வரி உள்ள தூரம்) போட்டேன். பக்கம் கூடியது, செலவும் கூடியது, ஆனால் அவர் அன்றே உட்கார்ந்து படித்தார். அன்றிலிருந்து 11.5-க்குக் கீழே இறங்குவதில்லை.

போல்டு எனக்குப் பிடிக்கவில்லை. காரமாண்ட் காலத்தில் தடித்த எழுத்தே கிடையாது, இதில் இருப்பது பிற்காலச் சேர்க்கை. தலைப்புக்கு ஸ்மால் கேப்ஸ், அதாவது சின்ன எழுத்தின் உயரத்திலேயே வரும் பெரிய எழுத்துகள், போடுங்கள், அழகாக உட்காரும். அப்புறம், படிவம், விலைப்பட்டியல், செல்போன் திரை இதற்கெல்லாம் வேண்டாம், மெலிந்து தெரியும். பளபளக்கும் ஆர்ட் பேப்பரிலும் அப்படித்தான். லேசாக மஞ்சள் படிந்த தாளில் மை கொஞ்சம் ஊறும்போதுதான் இதற்கு உயிர் வருகிறது.

இட்டாலிக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். கையெழுத்தின் ஓட்டம் இன்னும் அதில் இருக்கிறது. முன்னுரை முழுவதையும் சாய்வெழுத்தில் கேட்டால் வழக்கமாக மறுத்துவிடுவேன். இதில் கேட்டால் மட்டும் சரி என்று போட்டுக் கொடுக்கிறேன்.