ஆறு மணி நேரமா, 72 மணி நேரமா? இணையத் தாக்குதலைத் தெரிவிக்கும் கெடுக்களில் எது தேவலாம்

2023இல் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே காலுக்குக் கணக்குப் பிரிவுத் தம்பியிடமிருந்து அழைப்பு. “அண்ணா, டேலி திறக்கவே இல்லை. எல்லா ஃபைலுக்கும் வாலில் ஏதோ புதுப் பெயர் ஒட்டியிருக்கிறது.” ரான்சம்வேர்: ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் நிரல். வண்டியை எடுப்பதற்கு முன்பே மனம் கணக்குப் போட்டுவிட்டது: மதியம் ஒன்றே காலுக்குள் தில்லிக்குத் தெரிவித்தாக வேண்டும்.

காரணம், மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு. தாக்குதலைக் கவனித்த அல்லது பிறர் சொல்லி அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் அறிக்கை போக வேண்டும். அதே சர்வரில் ஐரோப்பியக் கடை ஒன்றின் வாடிக்கையாளர்களுடைய வீட்டு முகவரிகளும் இருந்தன. அவர்களுக்கான பார்சல்கள் இங்கிருந்தே நேராகப் போய்க்கொண்டிருந்தன. அந்தக் கடைக்கு ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் தரும் அவகாசம் 72 மணி நேரம். கடைக்குத் தாமதமின்றிச் சொல்ல வேண்டியது எங்கள் பொறுப்பு. ஒரே திருட்டுக்கு இரண்டு கெடு.

ஆறு மணி நேரம்தான் கண்டிப்பானது, 72 மணி நேரம் தாராளம் என்றுதான் அதுவரை நானும் நினைத்திருந்தேன்.

அன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். முதல் ஒன்றரை மணி நேரம் கேபிள்களைப் பிடுங்குவதிலேயே போனது. பேக்கப் டிஸ்க் சர்வரில் செருகியபடியே இருந்ததால் அதுவும் பூட்டிக்கொண்டது. வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலில் ஒன்பது நாள் பதிவுகள்தான் மிஞ்சியிருந்தன. சனிக்கிழமை இரவு 9.40க்கு யாரோ உள்நுழைந்ததாகச் சர்வர் சொன்னது. கேமராவில் பார்த்தால் அந்த நேரத்தில் அறை பூட்டிக் கிடந்தது. ஆகவே வெளியிலிருந்து நுழைந்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, ஒன்று பத்துக்கு அறிக்கையை அனுப்பினேன். சர்வரின் கடிகாரம் 11 நிமிடம் பின்தங்கியிருந்தது என்பது மறுநாள்தான் பிடிபட்டது. உண்மையில் மணி 9.51. மேற்பார்வையாளர் பார்சல் லேபிள் அச்சிட வந்த நேரம் அது. திருடன் நுழைந்த நேரம் என்று நான் எழுதிக் கொடுத்தது, பாவம், அந்த மனிதரின் நேரத்தை.

இதில் வேடிக்கை என்னவென்றால், எல்லாக் கணினிகளின் கடிகாரங்களையும் அரசின் தேசியத் தகவல் மையம் (என்ஐசி) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு பொருத்தி வைக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் காக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில்தான் இருக்கிறது. ஆறு மணி நேரக் கெடுவைப் பற்றியும், இணையத்தில் பயனரின் அடையாளத்தை மறைத்துத் தரும் விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதியைப் பற்றியும் ஊரெல்லாம் பேசினார்கள். எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன் போன்றவை இந்தியாவிலிருந்து சர்வர்களையே எடுத்துக்கொண்டு போயின. கடிகார விதியைப் பற்றிப் பேச ஆள் இல்லை. என்னைக் கேட்டால் அந்த உத்தரவின் உருப்படியான பகுதி அதுதான். அதை நாங்கள் கடைப்பிடித்திருந்தால் அந்த அறிக்கையில் பிழை வந்திருக்காது.

செர்ட்-இன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அது தீயணைப்பு நிலையம் மாதிரி. எந்த அறையில் பற்றியது என்று தெரியாவிட்டாலும் புகை வந்ததும் மணி அடித்தால்தான் பக்கத்து வீடுகளை எச்சரிக்க முடியும். கையில் இருக்கும் தகவலை ஆறு மணி நேரத்தில் கொடுங்கள், மீதியைப் பிறகு நியாயமான காலத்துக்குள் சேர்க்கலாம் என்று அவர்களே விளக்கமும் வெளியிட்டார்கள். ஆனால் மணி அடித்த பிறகு நடப்பது நமக்குத் தெரிய வழியில்லை. 2023 நவம்பரில் செர்ட்-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வரம்பிலிருந்தும் விலக்கப்பட்டது. தகவல் ஒருவழிப் பாதையில் போகிறது. தவறினால் ஓராண்டு வரை சிறை என்ற மிரட்டல் மட்டும் நம் பக்கம் இருக்கிறது.

ஐரோப்பாவின் 72 மணி நேரத்துக்கு வருவோம். அங்கே எடுத்த எடுப்பில் கேட்கும் கேள்வியே வேறு: இதனால் யாருக்கு என்ன தீங்கு? ஆபத்து அதிகம் என்றால் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொன்னால் மட்டும் போதாது. தரவுக்கு உரியவருக்கும் சொல்ல வேண்டும். தாராளம் என்ற என் நினைப்பும் தப்பு. 2018 டிசம்பர் 26 அன்று ட்விட்டருக்கு ஒரு பிழை தெரியவந்தது; ஆண்ட்ராய்டு செயலியில் பூட்டி வைத்த பதிவுகள் பொதுவெளிக்கு வந்துவிட்டன. அயர்லாந்து ஆணையத்துக்கு அவர்கள் அதைத் தெரிவித்தது ஜனவரி 8. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் ஆள் குறைவு என்ற சமாதானம் எடுபடவில்லை. 2020 டிசம்பரில் 4,50,000 யூரோ அபராதம். புக்கிங்.காம் 22 நாள் தாமதித்ததற்கு நெதர்லாந்தில் 4,75,000 யூரோ கட்டியது. திருட்டு நடந்ததற்கான தண்டனை இல்லை அது, நேரத்தில் சொல்லாததற்கு. தகவல் பறிபோன வாடிக்கையாளர்கள் நாலாயிரத்துச் சொச்சம் பேர்தான்.

அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் 2023 விதி நான்கு வேலை நாள் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சம்பவம் முதலீட்டாளருக்கு முக்கியமானது என்று நிறுவனமே தீர்மானித்த பிறகுதான் அந்த நான்கு நாள் ஓடத் தொடங்கும். தீர்மானிக்க வீண் தாமதம் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது, அவ்வளவுதான். வக்கீல்கள் கையில் கடிகாரத்தைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? இந்த ஓட்டையைப் பார்த்து முதலில் குறும்பு செய்தவர்கள் திருடர்களே. 2023 நவம்பரில் மெரிடியன்லிங்க் என்ற நிறுவனத்தைத் தாக்கியதாகச் சொன்ன பிளாக்கேட் கும்பல், ‘இவர்கள் எங்கள் தாக்குதலை இன்னும் அறிவிக்கவில்லை’ என்று ஆணையத்திடமே புகார் கொடுத்தது. அந்த விதி நடைமுறைக்கு வர அப்போது ஒரு மாதம் பாக்கி இருந்தது. படித்தபோது சிரிப்பு வந்தது. பணம் பறிக்க அரசு விதியையும் ஒரு கருவியாக்கிவிட்டார்களே என்று பிறகுதான் உறைத்தது.

மூன்றில் எதையும் முழுதாக எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. ஐரோப்பாவிலேயே மின்சாரம், மருத்துவமனை போன்ற முக்கியத் துறைகளுக்கான என்ஐஎஸ்-2 சட்டத்தில் உள்ள ஏற்பாடு நடைமுறை தெரிந்தவர்கள் எழுதியது போல இருக்கிறது: 24 மணி நேரத்தில் ஒரு முன்னெச்சரிக்கை, 72 மணி நேரத்தில் ஓரளவு முழுமையான அறிக்கை, ஒரு மாதத்தில் இறுதி அறிக்கை. முதல் அறிக்கையில் பிழை இருக்கும் என்பதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறது. என் 9.40 அங்கே மூன்றாம் நாள் 9.51 ஆகியிருக்கும்.

இந்தியாவும் இப்போது இரண்டாவது கடிகாரம் ஒன்றை வாங்கிவிட்டது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. கசிவு தெரிந்ததும் தாமதமின்றிப் பாதிக்கப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் சொல்ல வேண்டும். 72 மணி நேரத்தில் வாரியத்துக்கு விரிவான அறிக்கை. தவறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். இந்தக் கடமை 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வரும். செர்ட்-இன் கெடு ரத்தாகவில்லை. அதுவும் கூடவே ஓடும். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி விதித்திருக்கும் இரண்டிலிருந்து ஆறு மணி நேரக் கெடு தனி.

திருப்பூர் சமாச்சாரத்தில் ஒன்று பாக்கி. ஐரோப்பியக் கடை நான்காம் நாளே தன் வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டது. அதன் நகல் எங்களுக்கும் வந்தது. அதே சர்வரில் எங்கள் தையல் பிரிவுத் தொழிலாளர்களின் ஆதார் நகல்களும் வங்கிக் கணக்கு எண்களும் இருந்தன. அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எந்தக் கெடுவும் அன்று இல்லை. நானும் சொல்லவில்லை.