கீபேட் பூட்டில் கோளாறா? வயரைக் கழற்றிவிட்டு வோல்டேஜ் பார்ப்பவரிடம் ஏமாறாதீர்கள்

காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பழைய வளவு வீட்டில் நடந்த விஷயம் இது. வீட்டு ஆச்சி ஊரும் பெயரும் வேண்டாம் என்றார். வேலை செய்த கடையின் பெயரையும் எழுதவில்லை. ஆனால் அங்கே காட்டிய வித்தையை வேறு எந்த வீட்டிலும் காட்டலாம். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு, ஊர் வீட்டுக்கு நம்பர் பூட்டு போட்டு வைத்திருப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

முகப்புக் கதவில் 600 பவுண்டு பிடி உள்ள காந்தப் பூட்டு, அதாவது மின்சாரம் ஓடும்வரை கதவின் இரும்புத் தட்டை இழுத்துப் பிடிக்கும் மின்காந்தம். வெளியே நம்பர் அழுத்தும் கீபேட், உள்ளேயிருந்து திறக்க எக்சிட் பட்டன். பவர் சப்ளை பெட்டியும் 7 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரியும் வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில், மீட்டர் போர்டுக்குப் பக்கத்தில். கோளாறு என்னவென்றால், பூட்டியிருப்பதாகச் சிவப்பு விளக்கு எரியும், ஆனால் தோளால் ஒரு தள்ளு தள்ளினால் கதவு திறந்துகொள்ளும். நம்பர் அழுத்தும்போது சில சமயம் கீபேடே அணைந்து, 'பீப்' என்று மறுபடி உயிர் பெறும்.

வந்தவர் பூட்டுக்குப் போகும் இரண்டு வயரையும் கழற்றினார். கழற்றிய நுனியில் வோல்டேஜ் அளக்கும் மீட்டரை வைத்தார். 12 காட்டியது. "பாருங்க ஆச்சி, கரன்ட் ஒழுங்கா வருது. பூட்டுதான் போயிருச்சு." பூட்டை மாற்றினார், குறை அப்படியே இருந்தது. அடுத்த முறை வந்து "போர்டு போயிருச்சு" என்று கீபேடை மாற்றினார். அதற்கடுத்து பவர் சப்ளை. மொத்தம் 18,500 ரூபாய். ரசீதில் 'சிஸ்டம் சர்வீஸ்' என்று ஒரே வரி. கழற்றிய பழைய சாமான் மூன்றையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். கதவு மட்டும் தள்ளினால் திறந்துகொண்டுதான் இருந்தது.

அந்த முதல் அளவீட்டிலேயே மோசம் இருக்கிறது. வயரைக் கழற்றிவிட்டால் அதில் மின்னோட்டம் கிடையாது. மின்னோட்டம் இல்லாத வயரில் வோல்டேஜ் இறங்காது. முடி அளவு வயராக இருந்தாலும், ஜாயிண்ட் அழுகிக் கிடந்தாலும், மீட்டர் 12 என்றுதான் சொல்லும். பூட்டு இணைப்பில் இருக்கும்போது, அது கதவைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, பூட்டின் டெர்மினலில் அளந்தால்தான் உண்மை தெரியும். அதே சமயத்தில் பவர் சப்ளையிலிருந்து வயர் கிளம்பும் முனையிலும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வயர் தின்கிறது.

அந்த வீட்டில் அப்படி அளந்தபோது பவர் சப்ளையில் 12.1 வோல்ட், பூட்டில் 8.7 வோல்ட். 3.4 வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது.

செட்டிநாட்டு வீடுகளில் இந்தக் கோளாறு வருவதற்கு வீட்டின் நீளமே காரணம். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள் இவை. மீட்டர் போர்டு ஒரு கோடியில், கதவு ஒரு கோடியில். இங்கே வயர் ஓட்டம் 30 மீட்டர். போக 30, வர 30, ஆக 60 மீட்டர் செம்பு. போட்டிருந்தது இன்டர்நெட்டுக்குப் போடுகிற லேன் கேபிளில் ஒரு ஜோடி. அந்த 24 கேஜ் கம்பிக்கு மீட்டருக்கு 0.084 ஓம் வீதம் 60 மீட்டருக்கு 5 ஓம். 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கும் காந்தப் பூட்டின் கம்பிச் சுருளுக்கு (காயிலுக்கு) 24 ஓம். ஜாயிண்ட் நன்றாக இருந்தாலுமே பூட்டுக்கு 9.9 வோல்ட்தான் போய்ச் சேரும். செம்பு பூசிய அலுமினியக் கேபிளாக இருந்தால் இன்னும் மோசம். நுனியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்.

மீதி வோல்டேஜைத் தின்றது ஒரு ஜாயிண்ட். வளவுத் தாழ்வாரத்தில், முற்றத்துச் சாரல் அடிக்கிற இடத்தில், கேசிங்குக்குள் இரண்டு வயரைச் சும்மா முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப் பிசின்போல் இளகி வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்து, பாதி இழை ஒடிந்து கிடந்தது. இப்படி ஒரு ஜாயிண்டைக் கண்டுபிடிக்க வயரை வெட்ட வேண்டியதில்லை. பூட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டரின் ஒரு முனையை ஜாயிண்டுக்கு இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் வையுங்கள். நல்ல ஜாயிண்டில் 0.1 வோல்ட்கூட வராது. இங்கே ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் வந்தது.

வழியில் ஜாயிண்டே இல்லாமல் 1.5 சதுர மி.மீ. இரண்டு கோர் செம்பு வயரை ஒரே ஓட்டமாக இழுத்ததும் பூட்டில் 11.7 வோல்ட். அதற்குப் பிறகு கதவு அசையவில்லை. மாற்றிய மூன்று சாமானும் மாற்றத் தேவையே இல்லாதவை. காந்தத்தின் பிடி மின்னோட்டத்தின் வர்க்கத்தை ஒட்டி இறங்கும் என்பதால், வோல்டேஜ் கால்வாசி குறைந்தால் பிடி ஏறக்குறைய பாதியாகிவிடும். புதுப் பூட்டு போட்டும் குறை தீராததற்கு வேறு காரணம் இல்லை.

வோல்டேஜ் சரியாக இருந்தும் கதவு பிடிக்கவில்லை என்றால் கதவைப் பாருங்கள். பர்மா தேக்குக் கதவு கனம், குடுமியில் சுழல்வது, காலப்போக்கில் ஒரு பக்கம் இறங்கும். காந்தமும் இரும்புத் தட்டும் முழுக்க ஒட்டினால்தான் பிடி. பூட்டிய நிலையில் இடையில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் பிடி போய்விட்டது என்று அர்த்தம். தட்டின் நடு போல்ட்டில் ரப்பர் வாஷர் இருக்கும். தட்டு கொஞ்சம் ஆடி, காந்தத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளத்தான் அந்த வாஷர். அதை இறுக்கி முறுக்கிவிட்டுப் "டைட் பண்ணிட்டேன்" என்று காசு வாங்குகிறவர்கள் உண்டு. அது ரிப்பேர் அல்ல, கெடுப்பது. இரட்டைக் கதவில் இன்னொன்று: பூட்டு ஒரு கதவில்தான் இருக்கும். அடுத்த கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள் விழவில்லை என்றால் இரண்டும் சேர்ந்து நகரும்.

கீபேட் அணைந்து எழும் குறைக்கு, அது எந்த நொடியில் அணைகிறது என்று கவனியுங்கள். காந்தப் பூட்டு விடுபடும் நொடியில் அணைந்தால், வோல்டேஜ் குறைவு காரணமாக இருக்க முடியாது. அந்த நேரத்தில் லோடு குறைகிறதே. காயிலில் மின்சாரம் சட்டென்று அறுபடும்போது எதிர்த்திசையில் பாயும் உயர் வோல்டேஜ்தான் கீபேடைக் குழப்புகிறது. மருந்து ஒரு 1என்4007 டையோடு, அதாவது மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சின்ன பாகம், விலை சில ரூபாய். பூட்டின் டெர்மினலிலேயே, வெள்ளிக் கோடு உள்ள முனை பிளஸ் பக்கம் வரும்படி குறுக்கே இணைக்க வேண்டும். திருப்பிப் போட்டால் பவர் சப்ளை ஷார்ட் ஆகும், கவனம். டையோடு போட்டால் பூட்டு விடுபட ஒரு கணம் தாமதமாகும். அது கோளாறு அல்ல. சில பூட்டுகளுக்குள் இந்தப் பாதுகாப்பு முன்பே இருக்கும், கையேட்டைப் பாருங்கள். இது இல்லாமல் விட்டால் கீபேடின் ரிலே (பூட்டுக்கு மின்சாரத்தை இணைத்து அறுக்கும் சுவிட்ச்) முனைகள் தீப்பொறியில் கரிந்து, நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். அப்போது நிஜமாகவே போர்டு போய்விடும்.

மறுபடி பூட்டும் நொடியில் அணைந்தால் வோல்டேஜ் இறக்கம். கதவுக்குள் ஆணி இறங்கும் டிராப் போல்ட் வகையில் இது அதிகம். பிடித்திருக்கும்போது 0.3 ஆம்பியர் அளவில் இருப்பது, ஆணி இறங்கும் கணத்தில் ஒரு ஆம்பியர் வரை போகும். மெல்லிய வயரில் அந்த ஒரு கணம் போதும், கீபேட் மயங்கிவிடும். எழுந்ததும் மறுபடி பூட்டப் பார்க்கும், மறுபடி மயங்கும். 'டிக் டிக்' என்று நிற்காமல் சத்தம் வந்தால் இதுதான். கதவு எந்நேரமும் திறந்தே கிடந்தால் முதலில் எக்சிட் பட்டன் வயரைக் கழற்றுங்கள். பூட்டிக்கொண்டால் பட்டனோ, எலி கடித்த வயரோதான் காரணம். காந்தப் பூட்டு 'உம்ம்' என்று உறுமினால் பவர் சப்ளையின் கெபாசிட்டர் காய்ந்துவிட்டது. இவை எல்லாம் 12 வோல்ட் பக்கத்து வேலை. பவர் சப்ளை பெட்டிக்குள் 230 வோல்ட் இருக்கிறது, மின்சாரத்தை அறுக்கும் எம்.சி.பி. சுவிட்சை இறக்காமல் அதைத் திறக்காதீர்கள்.

பேட்டரியில் ஒரு மோசடி. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் வசதி இல்லாத வெறும் 12 வோல்ட் பவர் சப்ளையில் (எஸ்.எம்.பி.எஸ்.) பேட்டரியை நேராகக் கட்டிவிட்டு 'பேக்கப் இருக்கு' என்பார்கள். 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி நிறைய வேண்டுமானால் 13.5 முதல் 13.8 வோல்ட் வேண்டும். 12 வோல்ட்டில் கட்டியது என்றைக்கும் நிறையாது, சில மாதத்தில் செத்துப்போகும். அவரையே அளந்து காட்டச் சொல்லுங்கள். பிறகு மெயினை இறக்கி, பூட்டு ஓடும்போதே கால் மணி நேரம் மீட்டரைப் பாருங்கள். நல்ல பேட்டரி 12 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும். மளமளவென்று 11-க்கு இறங்கினால் அது பேட்டரி அல்ல, பெட்டி.

ஆச்சி வீட்டில் நடந்ததிலேயே எங்களுக்கு மிகவும் கோபம் வந்தது பணத்தைப் பற்றி அல்ல. மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் வாசல் கதவுக்குக் காந்தப் பூட்டைப் போட்டதே தவறு. காந்தப் பூட்டுக்கு மின்சாரம் இருந்தால்தான் பூட்டு. இல்லையென்றால் கதவு திறந்துவிடும். தீ விபத்தில் உள்ளே இருப்பவர்கள் வெளியேற வேண்டிய இடத்துக்கு, தங்கும் விடுதிக்கு, அது சரி. நம் பக்கத்து வழக்கம் என்ன? திருவிழா, விசேஷம் முடிந்து வீட்டைப் பூட்டும்போது மெயினை ஆஃப் செய்துவிட்டுக் கிளம்புவோம். பூட்டும் கீபேடும் சேர்ந்து 0.6 ஆம்பியர். புது 7 ஏ.எச். பேட்டரி 10 மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம். மறுநாள் காலையில் அந்தப் பூட்டு கதவில் தொங்கும் இரும்புத் துண்டு. உள்ளே தேக்குத் தூணும் பெட்டகமும் வெள்ளிச் சாமானும். இதை விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'மெயினை ஆஃப் பண்ணக் கூடாது' என்றுகூடச் சொல்லவில்லை.

வாசல் கதவுக்கு, மின்சாரம் போனாலும் பூட்டியே இருக்கும் வகை வேண்டும். வெளியே சாவி, உள்ளே கையால் திருப்பும் குமிழ் இருக்க வேண்டும். பூட்டு திறக்கும் கணத்தில் மட்டும் மின்சாரம் எடுப்பது என்பதால் பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும். இதைக் கீபேடின் என்.ஓ. முனையில் (நம்பர் சரியானால் மட்டும் மின்சாரம் விடுவது) கட்ட வேண்டும். காந்தப் பூட்டு என்றால் என்.சி. முனை (எப்போதும் மின்சாரம் விட்டு, நம்பர் சரியானால் அறுப்பது). இந்த வகையில் திறக்கும் நேரத்தை ஒரு நொடிக்கு வையுங்கள், ஐந்து நொடி வைத்தால் காயில் சூடேறிக் கருகலாம். பழைய பூட்டும் சாவியும் அப்படியே இருக்கட்டும், அதை எடுக்க விடாதீர்கள். நிலையில் செதுக்கு வேலை உள்ள இடத்தில் டிரில் போடவும் விடாதீர்கள்.

கீபேடுக்குள்ளேயே ரிலே இருக்கும் மலிவு மாடல்களில், திண்ணையில் நின்று இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் பூட்டு வயர் கைக்கு வந்துவிடும். நம்பரே வேண்டாம், வயரைத் தொட்டுச் சேர்த்தாலோ பிரித்தாலோ கதவு திறக்கும். வெளியே கீபேட் மட்டும், ரிலே உள்ள கண்ட்ரோலர் வீட்டுக்குள் என்று பிரித்திருக்கும் மாடலைக் கேளுங்கள். சாமான் வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது.

ஆள் வந்தால் கையோடு இவற்றைச் செய்யச் சொல்லுங்கள்: பூட்டு ஓடும்போது பவர் சப்ளையில் எத்தனை வோல்ட், பூட்டில் எத்தனை வோல்ட் என்று இரண்டு எண்களையும் ரசீதில் எழுத வேண்டும். மாற்றிய சாமான் ஒவ்வொன்றும் மாடல் எண்ணோடு தனி வரியாக வர வேண்டும். பழைய சாமான் உங்களுடையது, வாங்கி வையுங்கள். ஊரில் இல்லாதவர்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் சொல்லி, மீட்டர் பூட்டில் வைத்திருக்கும் நிலையிலேயே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். வயர் கழன்றிருக்கிறதா, இணைந்திருக்கிறதா என்று படத்திலேயே தெரிந்துவிடும். வேலை முடிந்து அவர் கிளம்பியதும் மாஸ்டர் கோடை (மற்ற நம்பர்களைப் பதியவும் மாற்றவும் உதவும் தலைமை நம்பரை) மாற்றுங்கள். 123456, 888888, 999999 போன்ற கம்பெனி கோடோடு விட்டுவிட்டுப் போவது இந்தத் தொழிலில் சாதாரணம். அந்த ஆச்சி வீட்டில் புதிதாகப் போட்ட கீபேடும் கம்பெனி கோடிலேயேதான் இருந்தது.