கோலி, ஷெல்டி நாய் வளர்க்கறவங்க தயவுசெஞ்சு படிங்க: வீட்டுக்கே வந்து போடற "உண்ணி ஊசி"

46,300 ரூபாய். தொகையை முதல்லயே சொல்லிடறேன், அப்பதான் நின்னு படிப்பீங்க.

எங்க கோலிக்கு உண்ணி தொல்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பற செல்லப்பிராணி ஆப் ஒண்ணுல (பேரை எழுதலை, வக்கீல் நோட்டீஸ் வாங்கத் தெம்பில்லை) 1,800 ரூபாய் பேக்கேஜ் புக் பண்ணோம். வந்தவர் வெள்ளைக் கோட்டு, கழுத்துல ஸ்டெதஸ்கோப். தரையில உக்காந்து காதை மடக்கிப் பாத்தார், அதுவும் அவர் மடியில தலையை வெச்சுடுச்சு. புது ஆள்கிட்ட அண்டாத நாய்! எங்கம்மா உடனே காபி போடப் போயிட்டாங்க. மருந்தை ஏத்தும்போது கேட்டேன், "சார், கோலிக்கு ஒத்துக்குமா?"

"இருபது வருஷமா லேப்ரடார், நாட்டு நாய் எல்லாத்துக்கும் போடறேன். நாய்னா நாய்தாம்மா."

ராத்திரியே எச்சில் ஒழுகி, பின்னங்கால் பின்னி, சுவர் தெரியாம முட்டிக்கிச்சு. விடியறதுக்குள்ள வலிப்பு.

ஆஸ்பத்திரி டாக்டர் சீட்டைப் பாத்ததும் தலையில கை வெச்சுட்டார். ஐவர்மெக்டின் 1 சதவீதம், 1 மில்லி. மாட்டுக்குப் போடற ஊசி. எங்க நாய் 24 கிலோ. கணக்குப் போட்டா கிலோவுக்கு 400 மைக்ரோகிராமுக்கு மேல. இதயப்புழு வராம இருக்கக் கொடுக்கற மாத்திரையில கிலோவுக்கு 6 மைக்ரோகிராம்தான், அது கோலிக்கும் ஒண்ணும் பண்ணாது. சொறிக்கு லேப்ரடார் மாதிரி நாய்களுக்கு இந்தப் பெரிய அளவை டாக்டர்களே கொடுக்கறதுண்டு, பெரும்பாலும் தாங்கும். கோலிக்கு 100 தாண்டினாலே ஆபத்து. மூளைக்குள்ள நுழையற மருந்தை வெளிய தள்ளற புரதம் பல கோலிகளுக்குப் பிறவியிலயே வேலை செய்யாதாம். எம்டிஆர்1ங்கற அந்த மரபணுக் கோளாறை 2001லயே கண்டுபிடிச்சாச்சு. கோலிக்கு ஆகாதுங்கறது 1980கள்லயே தெரிஞ்ச விஷயம். மருந்து மேல தப்பில்லை, கண்டுபிடிச்சவங்களுக்கு 2015ல நோபலே கொடுத்தாங்க. இனம் பாக்காம ஏத்தினவன் மேலதான் தப்பு.

முறிவு மருந்து கிடையாது. ட்ரிப், கொழுப்புக் கரைசல், வலிப்புக்கு மருந்து, ராப்பகலா ஆள். 44,500. பேக்கேஜோட சேத்து 46,300. உயிர் இருக்கு. கண்ணு இப்பதான் கொஞ்சம் தெரியுது.

இனி ஆப் காரங்க கதை. முதல்ல "உங்கள் புகார் பதிவாகியுள்ளது". அடுத்து "உண்ணிக் காய்ச்சலா இருக்கும், ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க". பண்ணோம், இல்லை. உடனே "நாங்க இணைப்புச் சேவை மட்டும்தான் மேடம், சேவை தர்றவர்கிட்ட பேசுங்க". அவர் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். பில்லை அப்பதான் உத்துப் பாத்தேன்: "க்ரூமிங் டெக்னீஷியன்". டாக்டரே இல்லை! கடைசியா வந்தது என்ன தெரியுமா? அடுத்த குளியலுக்கு 200 ரூபாய் கூப்பன். 46,300க்கு 200!

என்ன செய்யணும்னு விரிவா எழுதத்தான் உக்காந்தேன். ஆஸ்பத்திரிலேருந்து கூப்பிடறாங்க, சுருக்கமா: ஊசி போடறவர்கிட்ட கால்நடை மருத்துவர் பதிவு எண் கேளுங்க. மருந்து பேரும் அளவும் எழுதி வாங்குங்க. கோலி, ஷெல்டி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு, இதுங்க கலப்புன்னா "எம்டிஆர்1"னு நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்க. கன்னத்துல பஞ்சால தடவி எடுத்தே டெஸ்ட் பண்ணலாம். வயித்துப்போக்குக்கு நாம போடற லோபெரமைடும் இதுங்களுக்கு ஆகாது.

நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் கொடுத்திருக்கேன். இதே ஆப்ல ஏமாந்தவங்க இருந்தா இன்பாக்ஸ் வாங்க, சேர்ந்து போவோம்.