பழைய ஜீப்புக்கு டிரம்மா, டிஸ்க்கா?

என்னிடம் இருப்பது மஹிந்திரா எம்எம் 540. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்: சுழலும் டிரம்முக்குள் ஷூ விரிந்து உரசி நிறுத்தும். மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் கிடையாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி இறங்குவதற்குள் ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் சூடாகி, எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்க யோசிக்கும். எரிந்த வாசனை வேறு. டிரம்மையே புதுப்பிப்பதா, முன்பக்கம் டிஸ்க் (சுழலும் தட்டை இரு பக்கமும் பேட் கவ்விப் பிடிப்பது) போடுவதா என்று இரண்டு மாதம் அல்லாடி, கடைசியில் டிஸ்க் போட்டேன். ஆகவே நான் டிஸ்க் கட்சி. அதை மனதில் வைத்தே படியுங்கள்.

டிரம்முக்குச் செலவு குறைவு, லைனிங் மாற்றிக் கொடுக்க எந்த ஊரிலும் ஆள் உண்டு. சூட்டையும் ஓடைத் தண்ணீரையும் டிஸ்க் நன்றாகத் தாங்கும் என்பது தெரிந்த கதைதான்.

என்னை மாற வைத்தது அட்ஜஸ்ட்மென்ட். லைனிங் தேயத் தேய இடைவெளி கூடும். ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கியில் தூக்கி, ஷூ லேசாக உரசும்வரை திருகி வைக்க வேண்டும். ஒரு சக்கரம் கொஞ்சம் இறுகிப்போனாலும் பிரேக் பிடித்ததும் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். வண்டியோ குட்டை, மலைப்பாதையில் மறுபக்கம் பள்ளம். சரி, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டால், இரண்டு மிதி மிதித்தால்தான் பிடிக்கும். டிஸ்க்கில் பேட் தேய்ந்த அளவுக்கு பிஸ்டன் தானாக முன்னால் வந்து நின்றுகொள்ளும். பின் டிரம்மை இன்னும் திருகத்தான் வேண்டியிருக்கிறது; ஆனால் பாரமெல்லாம் முன்னால் சாய்வதால் அது மெதுவாகவே தேய்கிறது.

டிஸ்க்கை மட்டும் வாங்கி மாட்டிவிடாதீர்கள். டிரம் ஷூ சுழற்சியோடு சேர்ந்து தானே இறுகும்; டிஸ்க்குக்கு அந்தக் குணம் இல்லை, பூஸ்டர் இல்லாவிட்டால் தொடை வலிக்கும். டீசல் என்ஜினில் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுவை, சும்மா கிடைக்காது. முதுகிலேயே வேக்குவம் பம்ப் வைத்த ஆல்டர்நேட்டர் (பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது) தேட வேண்டும். அப்புறம், மிதித்ததும் பிரேக் ஆயிலைக் குழாயில் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர். டிரம்முக்கானது குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்தே வைத்திருக்கும். என் மெக்கானிக் முதலில் அதை மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டார். பேட் விடாமல் உரசி, முதல் வாரமே முன் ரிம்மில் கை வைக்க முடியவில்லை.

தோட்டத்துக்கும் சந்தைக்கும் மட்டும் ஓடும் வண்டிக்கு டிரம்மே போதும். ஆனால் ஒற்றை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டராக இருந்தால் அதை மட்டுமாவது இரட்டைக்கு மாற்றிவிடுங்கள்; ஒரு குழாய் ஒழுகினால் நான்கு சக்கரமும் போச்சு. சேற்றில் பேட் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல என் எட்டு மாத ஓட்டம் பத்தாது. இன்னும் ஒரு மழைக்காலம் போகட்டும்.