எண்ணூர், மணலி ரூட் லாரிகளுக்கு இன்சூரன்ஸ் கிளெய்மும் ரிப்பேரும்: பல வருஷப் பயன்பாட்டில் தெரிந்தவை

காட்டுப்பள்ளி, காமராஜர் துறைமுகம், மணலி, மாதவரம் என்று ஓடும் கனரக வண்டிகளுக்கு பேக்கேஜ் பாலிசி (சொந்த வண்டிச் சேதத்துக்கும் மூன்றாம் நபர் இழப்புக்கும் சேர்த்தது) எடுத்துப் பல வருஷம் கிளெய்ம் போட்டுப் பார்த்தால் ஒன்று புரியும். கைக்கு வரப்போகும் தொகை மூன்று இடத்தில் முடிவாகிவிடுகிறது: பாலிசி எடுக்கிற மேஜை, வண்டி இடித்து நிற்கிற ரோடு, எஸ்டிமேட் எழுதுகிற பட்டறை. செட்டில்மெண்ட் தாள் வந்தபிறகு சண்டை போட்டுக் கிடைப்பது கொஞ்சம்தான்.

முதலில் பாலிசி. சரக்கு வண்டி பாலிசியில் ஐஎம்டி (இந்தியன் மோட்டார் டாரிஃப்) 21 என்று ஒரு ஷரத்து இருக்கும். லைட், டயர், டியூப், மட்கார்டு, பானெட் பக்கவாட்டுப் பாகம், பம்பர், பெயிண்ட் இவற்றுக்கு, வண்டி டோட்டல் லாஸ் (முழு நஷ்டம்) ஆனாலொழிய, பணம் கிடையாது என்கிறது அது. லாரி முன்பக்கம் இடித்தால் முதலில் போவதே இவைதான். ஐஎம்டி 23 சேர்த்தால் இவையும் தேய்மானம் போகக் கவராகும். அதற்கு ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேத) பிரீமியத்தில் 15 சதவீதம் கூடுதல். ஏஜெண்ட் கொட்டேஷனைக் குறைத்துக் காட்ட இதைத்தான் முதலில் எடுத்துவிடுகிறார். பாலிசி அட்டவணையில் 23 என்ற எண் அச்சாகியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

எவ்வளவு வித்தியாசம்? மூன்றரை வருஷ வண்டி, ஜிஎஸ்டி இல்லாமல் 5,00,000 ரூபாய் பில் என்று வைத்துக்கொள்வோம். இரும்புச் சாமான் 3,00,000; ரப்பர், பிளாஸ்டிக் 60,000 (அதில் லைட்டும் பம்பரும் 36,000); கண்ணாடி 20,000; லேபர் 80,000; பெயிண்டிங் 40,000. மூன்றிலிருந்து நான்கு வருஷ வண்டியின் இரும்புக்குத் தேய்மானம் 25 சதவீதம், ஆக 2,25,000 கிடைக்கும். ரப்பர், பிளாஸ்டிக்கில் பாதி, 30,000. கண்ணாடிக்கும் லேபருக்கும் தேய்மானம் இல்லை. மொத்தமாகப் போட்ட பெயிண்டிங் பில்லில் கால் பங்கை மெட்டீரியல் என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், ஆக 35,000. கூட்டினால் 3,90,000. ஐஎம்டி 23 இல்லையென்றால் லைட், பம்பர், பெயிண்ட் மூன்றும் போய் 3,37,000. இதிலிருந்தும் கட்டாயக் கழிவு (நாமே ஏற்கவேண்டிய தொகை), பழைய சாமானின் சால்வேஜ் மதிப்பு (பழைய இரும்பாக விற்கும் விலை) இரண்டும் கழியும். வண்டி ஐந்து வருஷம் தாண்டினால் இரும்புக்கே 40 சதவீதம், பத்து தாண்டினால் 50. நில் டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) கிடைக்கும் வயதில் அதை விடாதீர்கள்.

ஐடிவியில் (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் காப்பீட்டு மதிப்பில்) இன்னொரு ஓட்டை. கேபின் சேசிஸ் வாங்கி வெளியே பாடி கட்டிய வண்டிக்கு, பாடி மதிப்பு அட்டவணையில் தனியாக ஏறியிருக்க வேண்டும். கண்டெய்னர் டிரெய்லருக்கும் அப்படித்தான்: இழுக்கிற குதிரைக்கு (முன்னால் இருக்கும் இன்ஜின் வண்டிக்கு) மட்டும் பாலிசி இருந்து டிரெய்லர் நம்பரும் மதிப்பும் ஏறவில்லையென்றால், பின்னால் முறிந்த ஆக்சிலுக்கு ஒரு ரூபாயும் வராது. மேலே இருக்கும் பெட்டியும் சரக்கும் இந்தப் பாலிசியில் இல்லவே இல்லை.

அடுத்தது ரோடு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையிலோ மணலி உள்வட்டச் சாலையிலோ வண்டி குறுக்கே நின்றால் அரை மணியில் கிரேன் வந்துவிடும், நகர்த்தச் சொல்லி நெருக்கடியும் வரும். நகர்த்துவதற்கு முன் கம்பெனிக்கு போன் போட்டு கிளெய்ம் நம்பர் வாங்கி ஸ்பாட் சர்வே (சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் இடத்துக்கே வந்து பார்ப்பது) கேளுங்கள். சர்வேயர் வர முடியாவிட்டால், நான்கு மூலையிலிருந்தும் நம்பர் பிளேட் தெரிகிற படம், சேசிஸ் நம்பர், ஓடோமீட்டர், டயர் தடம், எதிர் வண்டி, லோடு நிலை எல்லாவற்றையும் லொகேஷன் பதிவோடு எடுக்க வேண்டும். யாருக்காவது அடிபட்டிருந்தால் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு கேஸ் போடும். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) வண்டியைப் பார்த்து ரிப்போர்ட் கொடுக்கும்வரை ஒரு நட்டைக்கூடக் கழற்றக்கூடாது.

தூக்கும் செலவு அநேகருக்கு அதிர்ச்சி தரும். பழைய டாரிஃப் வாசகத்தில் இந்த வகை வண்டிக்கு ஒரு விபத்துக்கு 2,500 ரூபாய்தான் உச்சம். லோடோடு கவிழ்ந்த டிரெய்லரை நிமிர்த்த இரண்டு கிரேன் வேண்டும். அந்த பில்லுக்கு முன் இது டீக்காசு. கூடுதல் டோயிங் கவர் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

காகிதத்தில் அதிகம் சிக்குவது லோடு எடை. வே-பிரிட்ஜ் சீட்டு, இ-வே பில், துறைமுக கேட் பாஸ் மூன்றும் ஒரே எடையைச் சொல்ல வேண்டும். ஆர்சியில் (பதிவுச் சான்றில்) உள்ள எடைதான் கணக்கு. ஓவர்லோடு என்று வந்தால் பெரும்பாலும் நான்-ஸ்டாண்டர்ட் (நிபந்தனை மீறியதால் குறைத்துத் தரும் கிளெய்ம்) என்று 75 சதவீதத்துக்கு இறக்குவார்கள். முழுவதையும் மறுத்தால், 2010 அமலேந்து சாஹு வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி அந்த 75-ஐயாவது கேட்கலாம். பர்மிட் இல்லாதது வேறு கதை. 2018 அம்ரித் பால் சிங் தீர்ப்பில் அது அடிப்படை மீறல். மணலி ரிஃபைனரி டேங்கர் ஓட்டுகிறவர் லைசென்ஸில் அபாயகரச் சரக்குக்கான பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். எஃப்ஐஆரில் எழுதிய நேரத்தை நல்லூர் டோல் பாஸ்டேக் பதிவோடு ஒப்பிடுவது இப்போது சாதாரணம். டிரைவர் குத்துமதிப்பாக நேரம் சொல்லக்கூடாது.

இனி பட்டறை. எங்கள் தீர்ப்பு: கேபின் டிங்கரிங், பாடி, பெயிண்ட் வேலைக்கு மாதவரம், புழல் பக்கத்துப் பட்டறைகள் டீலரைவிட வேகம், வேலையும் சுத்தம். பிஎஸ்-6 வண்டியின் ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), நாக்ஸ் சென்சார், டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி), ஆட்ப்ளூ (புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா திரவம்) டேங்க், வயரிங் இவற்றுக்கு டீலர்தான். புது யூனிட்டைச் சாஃப்ட்வேரில் பதியாமல் வண்டி முழு பவருக்கு வராது.

எஸ்டிமேட்டில் "முன்பக்கம் ரிப்பேர், மொத்தம் இவ்வளவு" என்று எழுதும் பட்டறைதான் கிளெய்மைக் கெடுக்கிறது. ஒவ்வொரு பாகமும் பார்ட் நம்பரோடு, இரும்பு, ரப்பர், கண்ணாடி என்று பிரித்து, கழற்றி மாட்டும் லேபர் தனியாக வேண்டும். பிரிக்காத வரியைச் சர்வேயர் தனக்குத் தோன்றிய தேய்மானத்தில் போட்டுவிடுவார். கழற்றியபின் தெரியும் சேதத்துக்கு (இன்டர்கூலர் பின்பக்கம், பெல் ஹவுசிங் விரிசல், இன்ஜின் மவுண்ட்) சப்ளிமெண்டரி எஸ்டிமேட் கொடுத்து, சர்வேயர் பார்த்தபிறகே மாற்ற வேண்டும். பழைய சாமான் ரீ-இன்ஸ்பெக்ஷன் முடியும்வரை இருக்கவேண்டும். அன்று சாயங்காலமே காயலான் கடைக்குப் போய்விடுவது இங்கே வழக்கமான தலைவலி. பில் ஆர்சி உரிமையாளர் பெயரில், ஜிஎஸ்டி நம்பரோடு இருக்கட்டும். உள்ளீட்டு வரி எடுக்கும் நிறுவனமென்றால் வரி கழித்தே பணம் வரும்.

சேசிஸ்தான் நுணுக்கமான இடம். இடித்த வண்டியின் பிரேமில் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளவெடுத்து, வித்தியாசத்தை எழுத்தில் வாங்குங்கள். வளைந்த பிரேமை கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தினால் அந்த இடத்தில் எஃகின் வலு போகும். ஹைட்ராலிக்கில் குளிராகவே இழுக்க வேண்டும். விரிசலென்றால் அதன் முனையில் துளையிட்டு நிறுத்தி, வி வடிவில் அறுத்து, காய்ந்த 7018 வெல்டிங் ராடில் நிரப்பி, உள்ளே ரீ-இன்ஃபோர்ஸ்மெண்ட் பிளேட் வைப்பார்கள். பிளேட் முனை நேராக வெட்டியிருந்தால் அடுத்த விரிசல் அந்த முனையிலேயே விழும். சாய்வாக வெட்டச் சொல்லுங்கள். பிரேமின் மேல், கீழ் பிளாஞ்சில் (மடிந்த விளிம்பில்) துளை கூடவே கூடாது. வெல்டிங்குக்கு முன் பேட்டரியும் ஈசியு கனெக்டரும் கழற்றி, எர்த்தை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்க வேண்டும். இல்லையென்றால் கரண்ட் வீல் பேரிங் வழியாகப் போய் அதையும் தின்றுவிடும்.

எண்ணூர் உப்புக்காற்றில் ஓடும் வண்டிக்குத் துருப் பிரச்சினை தனி. விரிசலின் உள்முகம் பளபளப்பாக இருந்தால் புதுசு. கறுத்து, துருப்பிடித்திருந்தால் பழைய தேய்மானம் என்று சர்வேயர் தள்ளிவிடுவார். அதில் அவர் மேல் தப்பில்லை. ஆனால் முன் ஆக்சில் பீம், நக்கிள், டிராக் லிங்க் வளைந்திருக்க "நிமிர்த்திக்கொள்ளலாம்" என்று எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தயாரிப்பாளரின் சர்வீஸ் மேனுவல் பக்கத்தை இணைத்து, மாற்றத்தான் வேண்டும் என்று மெயில் போடுங்கள்.

வெள்ளம் பற்றி ஒரே வரி: 2023 டிசம்பர் மிக்ஜாம் மழைபோலத் தண்ணீர் ஏர் இன்டேக் வரை ஏறியிருந்தால் செல்ஃப் அடிக்காதீர்கள், வளைந்த கனெக்டிங் ராடுக்குப் பாலிசி பதில் சொல்லாது.

மீட்பும் ரிப்பேரும் சேர்ந்து ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் கன்ஸ்ட்ரக்டிவ் டோட்டல் லாஸ், அதாவது முழு நஷ்டமாகவே கணக்கு. அப்போது பணம் முதலில் பைனான்ஸ் கம்பெனிக்குப் போகும். லோன் பாக்கியை அன்றைய தேதிக்கு எழுதி வாங்கிவிட்டுப் பேசுங்கள்.

டெலிவரியில் சாட்டிஸ்ஃபாக்ஷன் வவுச்சரில் (வேலை திருப்தி என்று எழுதித்தரும் தாளில்) கையெழுத்துப் போடுமுன் லோடு ஏற்றி ஓட்டிப் பாருங்கள். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா, பின்சக்கரம் முன்சக்கரத் தடத்திலேயே வருகிறதா, பிரேக்கை மிதித்தபடியே பிடித்திருந்தால் ஏர் பிரஷர் இறங்கிக்கொண்டே போகிறதா என்று கவனியுங்கள். பட்டை செட் (லீஃப் ஸ்பிரிங்) கழற்றியிருந்தால் யு-போல்ட் புதுசாகத்தான் இருக்கவேண்டும். முதல் லோடு இறக்கியதும் மறுபடி டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) வைத்து முறுக்குங்கள்.