நியூசிலாந்து ஏரிக்கரையில் இரவு தங்க ‘அனுமதி அட்டை’ விற்கிறார்கள், வாங்காதீர்கள்

பள்ளி விடுமுறைக்கு நியூசிலாந்து போய் மோட்டார்ஹோமில் (படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள வண்டி) சுற்றலாம் என்று எண்ணியிருப்பவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சிங்கப்பூரில் தேக்கா பக்கம் உள்ள ஒரு பயண முகவர், நியூசிலாந்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்கு எங்களிடம் இரவுக்கு 65 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கினார். அது போதாதென்று, நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு, ஏரிக்கரையில் சட்டப்படி இரண்டு பேர் மட்டுமே தங்கக்கூடிய வண்டியைத் தலையில் கட்டினார். விவகாரம் நடுவர் மன்றத்தில் இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. இதே கதையைச் சொல்லி விற்கிறவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

நாங்கள் கேட்டது இதுதான். மின் இணைப்பு, தண்ணீர்க் குழாய் எதுவும் இல்லாத இடங்களில், ஏரியையும் பனிமலையையும் பார்த்தபடி சில இரவுகள் வண்டியிலேயே தங்க வேண்டும். அங்கே இதை ஃப்ரீடம் கேம்பிங் என்கிறார்கள். நான், கணவர், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகன், எழுபதைத் தாண்டிய அத்தை. ஜூன் விடுமுறை என்றால் அங்கே கடுங்குளிர்காலம். அதனால் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதியே கேட்டோம். நான்கு பேரும் ஏரிக்கரையில் தங்கலாமா? இரவு முழுவதும் ஹீட்டர் ஓடுமா? மின் இணைப்பு இல்லாமல் சமைக்க முடியுமா? எல்லாவற்றுக்கும் பதில் வந்தது: “தாராளமாக அக்கா. ஐந்து நட்சத்திர ஓட்டல் மாதிரி இருக்கும். சோலார் இருக்கிறது, ரைஸ் குக்கர்கூடப் போடலாம்.”

பயணத்துறைக் கழகத்தின் உரிமப் பட்டியலிலும் பார்த்தோம். முகவருக்கு உரிமம் இருந்தது. உரிமம் ஒருவர் கடை நடத்தலாம் என்பதைச் சொல்லும், நாணயத்துக்கு அது பொறுப்பேற்காது.

அடுத்ததாக அனுமதி அட்டை வந்தது. “ஏரிக்கரையில் நிறுத்த பெர்மிட் வேண்டும், நாங்களே எடுத்துத் தந்துவிடுவோம்” என்றார். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஒரு கூடாரம் போடுவதற்கே தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும் என்று பழகிய ஊர் இது. அனுமதி என்று சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. கிவிப் பறவைப் படம் போட்டு, லேமினேட் செய்து, முத்திரை குத்திய அட்டை ஒன்று கைக்கு வந்தது.

கிறைஸ்ட்சர்ச்சில் வண்டியை எடுத்தோம். இடப்பக்கம் ஓட்டும் நாடுதான், சிங்கப்பூர் உரிமமும் செல்லும். ஓட்டுவதில் சிக்கல் எதுவும் இல்லை. மாலையில் புகாக்கி ஏரிக்கரையில் நிறுத்தினோம். பனிப்பாறை அரைத்துக் கொண்டுவரும் பாறைத் தூள் கலந்த நீர் அது. பால் கலந்த நீலம் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். ஏரியின் கோடியில் 3,724 மீட்டர் ஆவ்ராக்கி மலை, உச்சி மட்டும் சிவந்து நின்றது. அந்தக் காட்சிக்காக முகவரைக்கூட மன்னித்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த எண்ணம் சோறு வைக்கப் போகும்வரை நீடித்தது.

அரிசியைக் களைந்து, தண்ணீர் அளந்து ஊற்றி, மாற்றுச் செருகியில் குக்கரை மாட்டிப் பித்தானை அழுத்தினேன். விளக்கு எரியவில்லை. வேறு பிளக்கில் மாட்டினேன், அங்கேயும் இல்லை. வண்டி வாடகை நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். சுவரில் இருக்கும் சாதாரணப் பிளக்குகள் 230 வோல்ட். முகாம் தளத்தில் கம்பி இழுத்து மின்சாரம் கொடுத்தால் மட்டுமே அவற்றுக்கு உயிர் வரும். வெட்டவெளியில் நிறுத்தினால் இருப்பது 12 வோல்ட் பேட்டரி மட்டும்தான்.

அந்தப் பேட்டரியின் கணக்கை மகன்தான் போட்டான். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி என்றால் 1,200 வாட்-மணி. பாதிக்குக் கீழே இறக்கினால் பேட்டரி கெட்டுவிடும், ஆகவே உண்மையில் கையில் இருப்பது 600. அதை வைத்துத்தான் விளக்கு, தண்ணீர்ப் பம்ப், குளிர்பெட்டி எல்லாம் ஓட வேண்டும். ஹீட்டர் எரிப்பது டீசலை என்றாலும், அதைப் பற்றவைப்பதற்கும் விசிறியைச் சுழற்றுவதற்கும் பேட்டரி வேண்டும். சோலாரைச் சொன்னாரே! ஜூன் மாதத்தில் அங்கே பகல்பொழுது ஒன்பது மணி நேரம்கூட இல்லை, சூரியனும் தாழ்வாகவே போகிறது. கூரையில் படுத்திருக்கும் தகட்டுக்கு என்ன கிடைக்கும்?

எரிவாயு அடுப்பில் கஞ்சி வைத்துக் குடித்துவிட்டுப் படுத்தோம். நள்ளிரவுக்குப் பிறகு ஹீட்டர் இரண்டு முறை ‘டிக், டிக்’ என்றது, விசிறி முனகியது, நின்றுவிட்டது. சன்னல் கண்ணாடியின் உட்புறமே உறைபனி பிடித்தது. அத்தை சேலைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர், குல்லா, அதற்கு மேல் மெத்தைவிரிப்பு என்று உட்கார்ந்துவிட்டார். திரையை விலக்கி வெளியே பார்த்துவிட்டு, “ஐந்து நட்சத்திரம் என்றானே, எண்ண முடியாத அளவுக்குக் காட்டிவிட்டான்” என்றார். அந்தப் பகுதி, செயற்கை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி இரவு வானத்தைக் காக்கும் இருள்வானப் பாதுகாப்பகமாக 2012இல் அறிவிக்கப்பட்டது. நட்சத்திரத்துக்குக் குறைவில்லை.

விடிந்ததும் கதவைத் தட்டினார் வட்டார மன்றத்தின் அதிகாரி. மரியாதையான மனிதர். முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பச்சை அட்டையைப் பார்த்துவிட்டு, எத்தனை பேர் தங்கினீர்கள் என்று கேட்டார். நான்கு என்றோம். அட்டையில் ‘2’ என்று இருந்த இடத்தில் விரலை வைத்தார். கணவர் உடனே முகவரின் அனுமதி அட்டையை எடுத்து நீட்டினார். அதிகாரி முன்பக்கத்தைப் படித்தார், திருப்பினார். பின்பக்கம் முழுக்கத் தமிழ் எழுத்து. “இவை நிபந்தனைகளா?” என்று கேட்டார். அது முகவரின் காசி-ராமேஸ்வரம் பயண விளம்பரம்.

அதை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது என் கணவரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அப்போதுதான் முழு விவரமும் தெரிந்தது. இப்படித் தங்குவதற்கு அனுமதிக்கப்பட்ட பொது இடங்களில் பெரும்பாலும் கட்டணம் கிடையாது, முகவர் எங்களுக்கு விற்றது போன்ற பெர்மிட்டும் தேவையில்லை. ஆனால் வண்டிக்குத் தகுதி வேண்டும். 2011ஆம் ஆண்டின் ஃப்ரீடம் கேம்பிங் சட்டத்தை 2023இல் இறுக்கிவிட்டார்கள். முன்பு தகுதியைக் காட்டும் நீல ஒட்டுவில்லையும் தூக்கிவைக்கும் சிறு கழிப்பறையும் இருந்தால் போதும். புதிய விதிப்படி கழிப்பறை வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். தங்குவோருக்கு மூன்று நாளுக்குத் தேவையான தண்ணீரையும், மூன்று நாளில் சேரும் கழிவையும் வண்டியே தாங்க வேண்டும். அதைச் சோதித்துத்தான் பச்சை அட்டை தருகிறார்கள், எத்தனை பேருக்கு என்ற எண்ணும் அதில் இருக்கும். எங்கள் வண்டியில் நான்கு பேர் படுக்க இடம் இருந்தது. தொட்டிகளோ இரண்டு பேருக்கு உரியவை. படுக்கையைக் காட்டி விற்றார், அட்டையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அத்தையையும் பையனையும் பார்த்துவிட்டு அந்த அதிகாரி அபராதம் எழுதாமல், கிளம்பிவிடுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். எழுதியிருந்தால் நூற்றுக்கணக்கான டாலர் போயிருக்கும். மீதிப் பயணம் முழுவதும் மின் இணைப்புள்ள தனியார் முகாம் தளங்களில், எங்கள் சொந்தச் செலவில். குக்கர் எரிந்தது, ஹீட்டர் ஓடியது, பக்கத்து வண்டியின் சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டோம். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது டீசல் வண்டிகளுக்கான சாலைக் கட்டணம் என்று கிலோமீட்டர் கணக்கில் இன்னொரு தொகை. அது அந்த நாட்டில் முறைப்படி உள்ள கட்டணம்தான். ‘எல்லாம் உட்பட’ என்று எழுதிக் கொடுத்தவர்தான் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

ஊருக்குத் திரும்பி முகவரிடம் போனோம். “அந்த ஊரில் திடீரென்று சட்டத்தை மாற்றிவிட்டார்கள் அக்கா, எங்கள் கையில் என்ன இருக்கிறது?” என்றார். 2023இல் வந்த சட்டம் எப்படித் திடீரென்று ஆகும்? பெர்மிட் பணம் யாருக்குப் போனது என்று கேட்டதற்குச் ‘சேவைக் கட்டணம்’ என்று பெயரை மாற்றினார். ரசீதில் அப்படி இல்லை.

மோட்டார்ஹோம் பயணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணம் கட்டும் முன் அந்த வண்டியின் பச்சை அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பதிவு எண், ஆட்களின் எண்ணிக்கை, காலாவதித் தேதி மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும். எந்த வண்டி வரும் என்று இப்போதே சொல்ல முடியாது என்றால், எத்தனை பேருக்குச் சான்று பெற்ற வண்டி என்பதையாவது ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ‘நான்கு படுக்கை’ என்ற சொல்லை ஏற்காதீர்கள். எங்கே நிறுத்தலாம் என்பதை அந்தந்த வட்டார மன்றத்தின் விதியில் பாருங்கள், ஏரிக்கு ஏரி மாறும். குளிர்காலத்தில் வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் மின் இணைப்புள்ள தளத்தையே பதிவு செய்யுங்கள், யார் என்ன சொன்னாலும்.

பயனீட்டாளர் சங்கத்திடம் பேசிவிட்டுச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் மனுப் போட்டோம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம், பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். எங்களுடையது 5,000 வெள்ளிக்கு உட்பட்டதால் மனுக் கட்டணம் 10 வெள்ளிதான். வழக்கறிஞர் வைக்க முடியாது, இரு தரப்பும் நேரில் பேச வேண்டும். வாட்ஸ்அப் செய்திகள், ரசீது, லேமினேட் செய்த அட்டையின் இரு பக்கமும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். மனுவைத் திரும்பப் பெற்றால் பெர்மிட் தொகையை மட்டும் தருவதாக முகவர் சென்ற வாரம் செய்தி அனுப்பினார். அந்தச் செய்தியையும் ஆவணங்களோடு சேர்த்துவிட்டோம்.